கறுப்புத் தண்ணீரும் பட்டுவின் சீயக்காயும்

மயூர் விஹார், தில்லி
திங்கட்கிழமை

சிரஞ்சீவி பத்ரிக்கு,

அத்திம்பேர் கோபாலன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. திருச்சியில் நீ, உன் ஆத்துக்காரி, குழந்தைகள், அங்கே வந்து தங்கியிருக்கும் உன் அக்காவும் என் தர்மபத்தினியுமான பட்டு, எல்லோரும் சௌக்கியமாக இருக்க ரங்கநாதனைப் பிரார்த்திக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவது முறை. இங்கே எல்லோரும் என்றால் நான் ஒருத்தன்தான். என் சௌக்கியம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது போகப் போக உனக்கே தெரியும்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிறார் என்று நினைப்பாய். உங்கள் ஆத்தில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறீர்கள். இங்கே நான் ஒரு தும்மல் போட்டால் அங்கே அடுக்களையிலிருந்து பட்டு, "ஸ்வெட்டர் போட்டுண்டேளா?" என்று கேட்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால் உன் போன் எந்நேரமும் உன் பெண் கையில் இருக்கிறது. அதனால்தான் உன் பேங்க் விலாசத்துக்கு அனுப்புகிறேன். கவுண்டரில் கூட்டம் இல்லாத சமயமாகப் பார்த்து, தனியாக உட்கார்ந்து படி. பட்டு கண்ணில் மட்டும் இது பட்டதோ, நான் தொலைந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை விமானத்தில் பட்டு தில்லிக்குக் கிளம்பக் கூடாது. எப்படியாவது நிறுத்து. உனக்குப் பொய் சொல்ல வராது, பேங்க்கில் இருந்தும் கற்றுக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்து. ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேள், குறுக்கே பேசாதே.

தீபாவளி கழிந்து பட்டுவுக்கு அந்தப் பெரிய இளைப்பு வந்ததே, அன்றைக்கு நீ இங்கே இல்லை. நான் இருந்தேன். சாயங்காலம் காபி டம்ளரைக் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டவள் குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சைத் தேடினாள். மூச்சைத் தேடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், அது எங்கேயோ பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி கண்ணை அங்கேயும் இங்கேயும் ஓட்டினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழ் ஃப்ளாட் ஜெயசீலன்தான் ஓடி வந்து காரை எடுத்தார். நான் பயந்து போய்விட்டேன் பத்ரி. ஆஸ்பத்திரியில் டாக்டர் நாலு வார்த்தை சொன்னார். வெளியே இருக்கிற காற்று நம் கையில் இல்லை, உள்ளே இருக்கிற தூசியையாவது குறையுங்கள், கொஞ்ச நாள் தெற்கே அனுப்பி வையுங்கள் என்றார். நீ வந்து அழைத்துக்கொண்டு போனாய். அது வரை எல்லாம் சரி. ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அத்திம்பேர், அக்கா இனிமே எங்களோடயே இருக்கட்டும், நீங்களும் மூட்டையைக் கட்டிண்டு வந்துடுங்கோ, ரிட்டயர் ஆனப்புறம் தில்லியில என்ன வெச்சிருக்கு?" என்று கேட்டாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் தொடங்கி இந்த ஃப்ளாட் வரைக்கும் என் ஆயுசு முழுக்க இங்கேதான் வைத்திருக்கிறேன். "நான் தில்லியை விட்டு நகர மாட்டேன், வீட்டைத் தூசியே இல்லாம பண்ணிக் காட்டறேன், பொங்கலுக்கு அவ திரும்பி வருவா" என்று பிளாட்ஃபாரத்தில் நின்று சவால் விட்டேன். நீ, "பார்க்கலாம்" என்றாய். அந்தப் பார்க்கலாமை நான் மறக்கவில்லை.

குர்காவ்னில் இருக்கும் என் பெண், உன் மருமாள் ஜ்யோத்ஸ்னாவுக்குப் போன் போட்டேன். அவள்தான் இந்த வாட்டர் ஃபில்டர் வாக்குவம் க்ளீனர் சமாசாரத்தைக் கிளப்பியது. "அப்பா, நார்மல் வாக்குவம்ல பை இருக்கும், அதுலேந்து ஃபைன் டஸ்ட் திரும்ப வெளில வரும். இதுல டஸ்ட் எல்லாம் வாட்டர்ல போய் விழும். நனைஞ்ச டஸ்ட் பறக்காது. ஸிம்பிள்" என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத வராது, படிக்கவும் வராது, ஆனால் எதைச் சொன்னாலும் ஸிம்பிள் என்று முடிப்பாள். நனைந்த தூசி பறக்காது என்பது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவள் அனுப்பிய விளம்பரங்களைப் படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்தது. தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது சதவீதம் தூசியைப் பிடிக்குமாம். மெத்தைக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைக் குடும்பத்தோடு இழுக்குமாம். மழை பெய்து ஓய்ந்த மலைப் பிரதேசத்துக் காற்றை ஹாலுக்குள் விடுமாம். ஏதோ ஒரு தேசத்து ஆஸ்துமா சங்கம் சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறதாம். எந்த தேசம் என்று மட்டும் போடவில்லை.

முதலில் வந்தது ஜல்ராஜ் கம்பெனி. வந்தவர் பெயர் பிரதீப், டை கட்டிய இளைஞர், வாசலில் ஷூவைக் கழற்றும்போதே, "அங்கிள்ஜி, ஆன்ட்டிஜி கி தபியத் கைஸி ஹை?" என்று பட்டுவின் உடம்பை விசாரித்தார். எப்படித் தெரியும் என்றால், ஜ்யோத்ஸ்னா ஆன்லைனில் டெமோவுக்கு எழுதிப் போடும்போது வீட்டில் நோயாளி உண்டா என்ற கேள்விக்கு ஆமாம் போட்டிருக்கிறாள். மெஷினைத் திறந்தார், அதன் தொட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றினார், கண்ணாடி மாதிரி இருக்கிறது பாருங்கள் என்று எனக்குக் காட்டினார், பட்டு படுக்கிற மெத்தை மேல் கொஞ்ச நேரம் ஓட்டினார், பிறகு தொட்டியைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கறுப்பு. சாக்கடை மாதிரிக் கறுப்பு. "அங்கிள்ஜி, ஆன்ட்டிஜி இதுக்கு மேலதான் தூங்கறாங்க" என்று ஹிந்தியில் மெதுவாக, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். இத்தனை வருஷம் அவளை இந்தத் தண்ணீர் மேலேயா படுக்க வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பேன். விலையைக் கேட்டேன். அதை இங்கே எழுதவில்லை, எழுதினால் நீ பேங்க்கிலேயே மயங்கி விழுவாய். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

அடுத்த நாள் வாஸர்பெர்க் கம்பெனி. பெயர் ஜெர்மன் பெயர். வந்தவர் அருள்ராஜ், நம் ஆள், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவராம். "அங்கிள், நம்ம ஊர்க்காரர்னு உரிமையோட சொல்றேன், அந்த ஜல்ராஜ் பக்கமே போகாதீங்க" என்றார். ஏன் என்றேன். பதிலுக்கு, பிரதீப் முந்தைய நாள் ஓட்டின அதே மெத்தையில், அதே இடத்தில், தன் மெஷினை ஓட்டினார். தொட்டியைக் கழற்றிக் காட்டினார். கறுப்பு! "பாருங்க அங்கிள், அவங்க மெஷின் விட்டுட்டுப் போன அழுக்கு இது. ஜெர்மன் டெக்னாலஜி அங்கிள், உள்ள ஸெபரேட்டர்னு ஒரு சக்கரம் இருக்கு, அது சுத்தற வேகத்துல தூசி தப்பிக்கவே முடியாது" என்றார். நான் ஜல்ராஜைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். பிரதீப் ஜல்தி ஜல்தியாக வந்தார், வாஸர்பெர்க் ஓட்டின இடத்தில் ஜல்ராஜை ஓட்டினார். கறுப்பு. அருள்ராஜ் மறுபடி வந்தார். கறுப்பு. இப்படி மாறி மாறி வந்து அந்த மெத்தையை ஆளுக்கொரு பக்கம் உறிஞ்சியதில் பஞ்சு எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விட்டது. இப்போது நான் தரையில் பாய் போட்டுத்தான் படுக்கிறேன். கடைசியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து, "ஜல்ராஜ் ஓட்டின இடத்திலேயே இன்னொரு தடவை ஜல்ராஜையே ஓட்டுங்கோ" என்றேன். பிரதீப், "அங்கிள்ஜி, அதுக்கு ஸ்கீம்ல இடமில்லை" என்றார்.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பட்டு போனில், "ஏன்னா, வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவள் குரலில் ஒரு ஏக்கம் இருந்தது, எனக்கு அப்படித்தான் கேட்டது. "மெஷின் வாங்கியாச்சு, வீட்டுல தூசிங்கற பேச்சே இல்லை, தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. ஒரு வாரமாக அதையே கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த பாஷை தொற்றிக்கொண்டது. "அப்போ நான் வந்துடட்டுமா? பொங்கப் பானையை நம்மாத்து அடுப்புல வெக்கணும்" என்றாள். வா என்றேன். வேறென்ன சொல்வேன்? அன்றைக்கே ஜ்யோத்ஸ்னா வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். ஸிம்பிள். அப்போதிலிருந்து காலண்டரைப் பார்த்தாலே எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

ஆகவே மெஷின் வாங்கியே ஆக வேண்டும், அதுவும் சரியான மெஷினாக வாங்க வேண்டும். தப்பான மெஷினை வாங்கி, அவள் வந்து இறங்கி, மறுபடி இளைப்பு வந்தால், அப்புறம் நீ அவளை இந்தப் பக்கம் அனுப்பவே மாட்டாய். உன் மேல் தப்பு சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அனுப்ப மாட்டேன். சர்வீஸ் முழுக்க நான் கொள்முதல் செக்ஷனில் குப்பை கொட்டினவன். ஒரு குண்டூசி வாங்குவதென்றாலும் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போடாமல், டெக்னிகல் கமிட்டி உட்காராமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. என் சொந்தப் பெண்டாட்டியின் மூச்சுக்கு மட்டும் போடாமல் விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கம்பெனியையும் ஒரே நேரத்தில் வரச் சொன்னேன். கமிட்டிக்கு ஜெயசீலனைப் போட்டேன். அவர் ஆடிட்டில் இருந்து ரிட்டயர் ஆன நாகர்கோவில்காரர், எதைக் காட்டினாலும் முதலில் தப்பைத்தான் பார்ப்பார்.

அவர்தான் முதல் ஆட்சேபணையை எழுப்பினார். "கோபாலன் சார், ரெண்டு மெஷினையும் ஒப்பிடணும்னா ரெண்டுக்கும் ஒரே தூசி குடுக்கணும்லா? இந்த மூலையில ஒரு தூசி, அந்த மூலையில ஒரு தூசின்னா கோர்ட்ல நிக்காது பாத்துக்கிடுங்க" என்றார். அச்சா, நியாயம்தான். ஆனால் வீட்டுத் தூசியை இரண்டு பேரும் மாறி மாறி உறிஞ்சிவிட்டார்கள், பால்கனித் தூசியில் புறா இறகு கலந்திருக்கிறது, கம்பெனிக்காரர் ஆட்சேபிப்பார். தரமான, சீரான, எடை போடக் கூடிய ஒரு மாதிரித் தூசி வேண்டும். அடுக்களைக்குள் போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். கோலமாவு வெள்ளை, தண்ணீரில் நிறம் காட்டாது. மஞ்சள்பொடி கறை பிடிக்கும். காபிப்பொடியில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் மேல் தட்டில், ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், அப்படியே தில்லித் தூசியின் நிறத்தில், அதைவிட நைஸாக ஒரு பொடி இருந்தது. மூடியைத் திறந்ததுமே தும்மல் வந்தது. இதைவிடப் பொருத்தமான மாதிரி உண்டா? தராசில் வைத்து சமமாக இரண்டு பொட்டலம் கட்டினேன், அரக்கு வைத்து ஸீல் போட்டேன், ஜெயசீலன் கையெழுத்துப் போட்டார். அது பட்டு போன தடவை ஊருக்கு வந்தபோது வெயிலில் காய வைத்து, உங்கள் பக்கத்து மில்லில் அரைத்துக்கொண்டு வந்த சீயக்காய். என் தலையில் முடி போய் எத்தனை வருஷம் ஆகிறது பத்ரி, சீயக்காய்க்கும் எனக்கும் என்ன சம்பந்தம் மிச்சம் இருக்கிறது, அது தண்ணீரைக் கண்டால் நுரைக்கும் என்ற ஞாபகம் எனக்கு எப்படி வரும்?

ஹாலில் கம்பளத்தை விரித்து, நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆளுக்கொரு பாதியில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நானே என் கையால் தூவினேன். கமிட்டி சோஃபாவில் உட்கார்ந்தது. காற்றோட்டம் தேர்வைப் பாதிக்கும் என்று ஜெயசீலன் ஜன்னலை எல்லாம் சாத்தச் சொன்னார். "ஸ்டார்ட்" என்றேன். இரண்டு மெஷினும் விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போட்டன. முதலில் நன்றாகத்தான் போயிற்று. கம்பளம் பளிச்சென்று வெளுத்துக்கொண்டு வந்தது, நான் ஜெயசீலனைப் பார்த்துத் தலையாட்டினேன், அவரும் ஆட்டினார். அப்புறம் ஜல்ராஜின் பின்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் குமிழி வந்தது. ஒரே ஒரு குமிழி. அது உடைந்தது, அடுத்தது வந்தது, அதற்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. சுத்தமான காற்று வெளியே வரும் என்று விளம்பரத்தில் அம்புக்குறி போட்டிருந்தார்களே, அந்த ஓட்டை வழியாகத்தான் நுரை பீறிட்டுக்கொண்டு வந்தது. பிரதீப், "அரே, யே க்யா?", இது என்ன என்று கத்தினார். வாஸர்பெர்க் பக்கம் நின்ற அருள்ராஜ் சிரித்தார், சிரித்து வாயை மூடுவதற்குள் அவர் மெஷினும் ஆரம்பித்தது. ஜெர்மன் டெக்னாலஜி என்பதால் இன்னும் வேகமாக வந்தது. முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு நுரை. நனையாத பொடி வேறு மேலே பறந்து, மின்விசிறி, திரைச்சீலை, ஸ்வாமி அலமாரி என்று ஒரு இடம் விடாமல் உட்கார்ந்தது. நாலு பேரும் தும்மினோம். "அங்கிள், இது என்ன பொடி?" என்று அருள்ராஜ் தும்மலுக்கு நடுவில் கேட்டார். "ஸ்டாண்டர்ட் ஸாம்பிள்" என்றேன். அவர் கையை மோந்து பார்த்தார். "அங்கிள், இது எங்கம்மா தலைக்குத் தேய்க்கறது!" என்றார். மழை ஓய்ந்த மலைப் பிரதேசத்துக் காற்று வரும் என்றார்களே, என் ஹாலில் தீபாவளி எண்ணெய் ஸ்நான வாசனைதான் வந்தது.

எதிர் ஃப்ளாட் ஜெயலட்சுமி மாமி சத்தம் கேட்டு ஓடி வந்து, வாசல்படியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கோ போன் பேசுகிறாள் என்று நினைத்தேன், கவனிக்கவில்லை. அப்போது இருந்த அமளியில் இரண்டு பேரும் மெஷினை அணைத்துவிட்டுத் தொட்டிகளைக் கழற்றி பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கொட்டினார்கள், ஓடி வந்து டக்கென்று மாட்டினார்கள். மாட்டின பிறகுதான் ஜெயசீலன் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம். ஜல்ராஜ் தொட்டி வாஸர்பெர்க்ல மாட்டியிருக்கு. வாஸர்பெர்க் தொட்டி ஜல்ராஜ்ல இருக்கு. ரெண்டும் கச்சிதமா பொருந்துதே, எப்பிடி?" என்றார். நான் குனிந்து பார்த்தேன். ஒரே தொட்டி, ஒரே க்ளிப், அடியில் ஒரே ஃபாக்டரியின் அச்சு. மேல் மூடியின் நிறம் மட்டும்தான் வேறே. பிரதீப் அருள்ராஜைப் பார்த்தார், அருள்ராஜ் பிரதீப்பைப் பார்த்தார். அவர்களுக்கே தெரியாது என்றுதான் எனக்குப் பட்டது, முகம் அப்படி விழுந்துவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள், ஒரே லிஃப்டில், ஒருத்தர் மெஷினுக்கு இன்னொருத்தர் கை கொடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். கமிட்டி தும்மிக்கொண்டே தன் முடிவை அறிவித்தது. இரண்டு டெண்டரும் தள்ளுபடி.

அப்புறம் நான் ஒன்று செய்தேன். பட்டு எனக்கு வெளுத்து மடித்து வைத்துவிட்டுப் போன வேஷ்டி ஒன்றை நனைத்து, பால்கனிக் கம்பியில் மீதிப் பகல் முழுக்கப் போட்டு வைத்தேன். மெஷின் இல்லை, ஸெபரேட்டர் இல்லை, ஜெர்மனி இல்லை. சாயங்காலம் அதை வாளித் தண்ணீரில் அலசினேன். கறுப்பு. அதே கறுப்பு. தில்லியில் எதை நனைத்தாலும் கறுக்கும், என்னை நனைத்தாலும் கறுக்கும். அவர்கள் நீட்டி நீட்டிக் காட்டின தண்ணீரெல்லாம் மெத்தையின் அழுக்கும் இல்லை, மெஷினின் திறமையும் இல்லை, இந்த ஊரின் காற்று. அதை அவ்வளவு சுலபமாக ஒரு தொட்டியில் பிடித்துவிடலாம் என்று நானும் நம்பினேன் பாரு.

இப்போது வீட்டு நிலவரத்தைக் கேள். பெருக்கினால் சீயக்காய் பறக்கிறது. ஈரத்துணி போட்டால் நுரைக்கிறது. நுரையைத் துடைத்தால் காய்ந்து மறுபடி பொடியாகிறது, மறுபடி பறக்கிறது. வேலைக்கு வரும் அம்மா வாசலில் நின்று ஒரு தும்மல் போட்டுவிட்டு, "பாபுஜி, ஹோலிக்கு அப்புறம் வரேன்" என்று போய்விட்டாள். டாக்டர் தூசியைக் குறைக்கச் சொன்னார், நான் உன் அக்கா கையால் அரைத்த தூசியைக் காசு செலவில்லாமல் வீடு முழுக்க அடித்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டுக்குள் வெள்ளிக்கிழமை அவள் காலை வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே, அன்றைக்கு அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. என்னால் அதை இன்னொரு தடவை பார்க்க முடியாது. சவாலில் நீ ஜெயித்ததாகவே வைத்துக்கொள். மாசி பிறக்கட்டும், நான் வெள்ளையடித்து, மெத்தையை மாற்றி, திரைச்சீலையை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு எழுதுகிறேன், அப்போது அனுப்பு. அதுவரை முழங்கால் வலி என்று சொல், உன் ஆத்துக்காரிக்கு ஒத்தாசை வேண்டும் என்று சொல், விமானம் ஓட்டுகிறவனுக்குக் காய்ச்சல் என்று சொல். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடாதே, உடனே கிளம்பிவிடுவாள்.

மற்றபடி உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதங்களைச் சொல். எல்லோரும் நீண்ட ஆயுசோடு, நல்ல மூச்சோடு, நல்ல காற்றில் இருக்க வேண்டும். அதில் எனக்கும் ஒரு பங்கு எடுத்து வை.

இப்படிக்கு
உன் அத்திம்பேர்
கோபாலன்

பின்குறிப்பு: மேற்கண்ட கடிதம் முழுவதும் ரத்து செய்யப்படுகிறது. எழுதின கடிதத்தைக் கிழித்துப் போடும் பழக்கம் சர்க்கார் உத்தியோகத்தில் எனக்கு வரவில்லை, அனுப்பிவிட்டு வாபஸ் வாங்குவதுதான் முறை, அதனால் அனுப்புகிறேன். கவரை ஒட்டப் போகும் சமயத்தில் போன் வந்தது. பட்டு. ஜெயலட்சுமி மாமி நேற்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கவில்லை, வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள், அதை உன் அக்காவுக்கு அனுப்பியும் விட்டாள்.

"ஏன்னா, தூசின்னு என் சீயக்காயையா தூவினேள்?" என்று கேட்டாள். சிரிக்க ஆரம்பித்தாள். நுரைக்கு நடுவில் நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேனாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். போன வருஷம் முழுக்க அவள் சிரித்தால் முடிவில் இருமல் வரும், இருமலுக்குப் பின்னால் இளைப்பு வரும், அதனால் அவள் எதிரில் நான் வேடிக்கையாக ஒன்றும் பேசுவதையே விட்டிருந்தேன். போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன் பத்ரி. வயிறு வலிக்கச் சிரித்தாள், நிறுத்தினாள், மறுபடி சிரித்தாள். இருமல் வரவில்லை. முழு மூச்சாக, இழுத்துச் சிரித்தாள். பிறகு, "வெள்ளிக்கிழமை வந்து நானே துடைச்சுடறேன், நீங்க ஒண்ணுத்தையும் தொடாதேங்கோ" என்றாள்.

"நீ வராதே, நான் வரேன்" என்றேன். எனக்கே என் காதை நம்ப முடியவில்லை. "தில்லியை விட்டு நகர மாட்டேன்னு பத்ரிகிட்ட ஸ்டேஷன்ல சவால் விட்டேளே?" என்று கேட்டாள்.

"அது விளம்பரம்" என்றேன்.

ஜ்யோத்ஸ்னா தன் அம்மாவின் விமான டிக்கெட்டைக் கேன்ஸல் செய்து எனக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள். ஸிம்பிள். இந்தக் கடிதம் உன் பேங்க்குக்கு வருவதற்கு முன்னால் நான் உங்கள் ஆத்தில் இருப்பேன், ஆகையால் பிரிக்காமல் கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிடு. சாவியை ஜெயசீலனிடம் கொடுத்திருக்கிறேன், எப்போது திரும்புவேன் என்று கேட்டார், பார்க்கலாம் என்றேன். பட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அந்த டப்பாவில் மிச்சம் இருக்கிற சீயக்காயைக் கொண்டு வரச் சொன்னாள். டப்பாவில் ஒன்றும் இல்லை. மின்விசிறியிலிருந்து வழித்துக்கொண்டிருக்கிறேன்.